வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம்: எல்லாம் சொல்வார்கள், சம்பளத்தைத் தவிர

யாழ்ப்பாண நகரத்தில் மாணவர் விசா, ஐஈஎல்ரிஎஸ் வகுப்பு, விமான ரிக்கெற் மூன்றையும் ஒரே பலகையில் எழுதி மாட்டியிருக்கும் அலுவலகங்கள் இப்போது வீதிக்கு ஒன்று. நான் போனதும் அப்படியான ஒன்றுக்குத்தான். அவர்களுடைய பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: ஆசிரியர்களுக்கு டுபாய், மாலைதீவு, சீனாவில் வேலை, கவர்ச்சிகரமான சம்பளம், தங்குமிடம், ரிக்கெற் இலவசம். அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே படிவத்தோடும் இதே பேச்சோடும் வேறு இடங்களும் நடக்கின்றன. நான் எழுதுவது எதற்கும் பொருந்தும்.

நான் அரச பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். பின்னேரத்தில் ரியூசன். 2022 இல் ரூபா விழுந்த கையோடு, அரச ஊழியர்கள் 5 வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று 14/2022 சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு ஓயவில்லை. யாருடைய மச்சான் மாலைதீவில் இருக்கிறார், யாருடைய தங்கை ஷார்ஜாவில் படிப்பிக்கிறார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என்ன சம்பளம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு தொகை வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திர வேலை தெரிந்த ஆட்கள். பட்டச் சான்றிதழ், பட்டப்பின் கல்வி டிப்ளோமா, நியமனக் கடிதம் என்று எதை எந்த ஒழுங்கில் உறுதிப்படுத்த வேண்டும் என்பதை முன் மேசையில் இருந்த பிள்ளை ஒரு தாளில் எழுதியே தந்தார். சான்றிதழ்களை வெளிநாட்டுக்கு உறுதிப்படுத்தும் கொன்சியூலர் வேலையை யாழ். மாவட்டச் செயலகத்திலேயே முடிக்கலாம், அதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை என்று சொன்னதும் அவர்தான். என் சுயவிபரக்கோவையில் சாரணர் படை, பழைய மாணவர் சங்கம் எல்லாவற்றையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டி, இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

மாதிரிப் பாடத்துக்குத் தந்த பயிற்சியையும் குறை சொல்ல முடியாது. ஸூமில் தொகையீடு படிப்பித்துக் காட்டச் சொன்னார்கள். நான் வழக்கம்போலப் பலகைக்கு நேரே நின்று எழுதினேன். பயிற்சி தந்த தம்பி அதைப் போனில் பிடித்துக் காட்டினார்: முழுப் பாடமும் என் முதுகு. கமராவை இடப்பக்கம் சரித்து வைத்து, ஒரு வரி எழுதி ஒரு அடி விலகி நிற்கச் சொன்னார். இவ்வளவு வருடம் எனக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் என்ன பார்த்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பயிற்சிக்காகவே அரை நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

சரி, இனிப் படிவத்துக்கு வருவோம். அதில் ஒரு பக்கம் முழுக்கக் காசு விபரம். இப்போதைய அடிப்படைச் சம்பளம், படிகள், ரியூசன் வருமானம், எதிர்பார்க்கும் சம்பளம். கூடவே கடைசி 3 மாதச் சம்பளச் சிட்டையின் கொப்பி. அவர்கள் எனக்குத் தந்த வேலை விபரத் தாளில் பாடசாலை, பாடம், கிழமைக்கு எத்தனை பாடவேளை, சீருடை உட்பட எல்லாம் இருந்தது. சம்பளம் என்ற இடத்தில் மட்டும் "தகைமைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப".

"தம்பி, இதில சம்பளம் எங்க?"

"அது இன்டர்வியூ முடிஞ்சாப் பிறகுதான் சேர் சொல்லுவினம். இப்ப கேட்டா அவை வேற ஆளைப் பாத்திடுவினம்."

"அப்ப என்ர பே சிலிப் எதுக்கு இப்பவே?"

"அது சும்மா பைலுக்குச் சேர்."

சும்மா பைலுக்கு இல்லை. என்னுடைய ரூபாச் சம்பளத்தை டுபாய்க் காசான திர்ஹமுக்கு மாற்றிப் பார்த்தால் வருவது ஒரு சின்னத் தொகை. அதை வைத்துக்கொண்டு பேரம் தொடங்குகிறவருக்கு, அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் மலிவு. அந்த வேலைக்கு அங்கே என்ன பெறுமதி என்பது பேச்சிலேயே வராது. பாசையூர்ச் சந்தையில்கூட மீனை மூடி வைத்துக்கொண்டு உங்கள் பொக்கற்றில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிற வியாபாரியை நான் கண்டதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இதற்கென்றே ஒரு பணிப்புரை போட்டது: சம்பள வீச்சை நேர்முகத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், விண்ணப்பதாரியின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் 7 வரை தவணை கொடுத்தது. அந்தச் சட்டம் டுபாய்க்கும் வராது, யாழ்ப்பாணத்துக்கும் வராது. ஆனால் பழைய சம்பளத்தைக் கேட்பதும் புதுச் சம்பளத்தை மறைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்று அங்கேயும் யாருக்கோ விளங்கியிருக்கிறது.

நான் எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதவில்லை, சிட்டையும் கொடுக்கவில்லை. "உங்கள் தொகையைச் சொன்னால் என்னுடையதைச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டேன். பைல் நின்றுவிடவில்லை, ஓடியது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் பைல் நகராது என்று அவர்கள் சொல்வது பொய்.

எனக்கு வந்த வேலைகள் மூன்று. சீனாவை இரண்டு வரியில் முடிக்கிறேன். கணிதம் என்று போன எனக்கு மழலையர் பாடசாலையில் ஆங்கிலம். மேல் எல்லையை மட்டும் யுவானில் சொன்னார்கள், கீழ் எல்லை இல்லை. அங்கே ஆங்கில ஆசிரியருக்கான வேலை விசா பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத்தான் என்று கேட்டபோது, "முதல்ல பிஸ்னஸ் விசாவில போங்கோ, பிறகு மாத்தலாம்" என்றார்கள். வியாபார விசாவில் போய்ப் படிப்பித்தால் பிடிபட்டுத் தண்டமும் கட்டி நாடு திரும்ப வேண்டிவரும். அந்தத் தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மாலைதீவு அப்படியில்லை, உண்மையான வேலை. அரச பாடசாலை, தூரத்துத் தீவு. அங்கே போகிறவர் சாமிச் சிலை கொண்டுபோக முடியாது, சுங்கத்தில் தடை என்பதை அவர்களே முன்கூட்டிச் சொன்னார்கள். அது நேர்மை. ஆனால் சம்பளம்? "கவர்மென்ட் ஸ்கேல் சேர், நல்லா இருக்கும்." கவர்மென்ட் ஸ்கேல் என்றால் மறைக்க என்ன இருக்கிறது? மாலைதீவு அரசின் வர்த்தமானித் தளத்தில் வரும் வேலை அறிவித்தல்களில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, படிகள் தனித்தனி வரி. அவர்களுடைய திவெஹி மொழியில் இருந்தாலும் இலக்கங்களை வாசிக்கலாம். நான் அதைப் போனில் திறந்து காட்டியபோது அந்தத் தம்பி தானும் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நம்புகிறேன். அவருக்குக் கொழும்பில் இருக்கிற முகவரிடமிருந்து வருவது ஒரு வட்ஸ்அப் படம் மட்டும்தான்.

மாலைதீவுக்குப் போக நினைக்கிறவர்கள் தொகையை விட முதலில் கேட்க வேண்டியது எந்தக் காசில் என்பதை. மாலைதீவுக் காசான ருபியாவில் சம்பளம் என்றால், அரசு வைத்திருக்கும் விலையில் ஒரு டொலருக்கு 15.42 ருபியா. ஆனால் அந்த விலைக்கு வங்கியில் வேண்டியளவு டொலர் கிடைக்காது. வெளியில் வாங்கினால் அதைவிடக் கூடக் கொடுக்க வேண்டும். முகவர் உங்களுக்கு 15.42 ஆல் பிரித்து டொலர் சொல்வார். ஊருக்கு அனுப்பும்போது கணக்குக் குறையும். சம்பளத்தில் எவ்வளவை, எந்த வழியில், எந்த விலையில் அனுப்பலாம் என்று அங்கே இருக்கிற ஒரு ஆசிரியரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

டுபாய்தான் எனக்கு மெய்யாகவே ஆசை காட்டிய வேலை. இந்தியப் பாடத்திட்டப் பாடசாலை, 9 முதல் 12 வரை கணிதம். ஸூம் நேர்முகம் நன்றாகவே போனது. தலைமை ஆசிரியை தமிழர் இல்லை, ஆனால் கணிதம் தெரிந்தவர். சம்பளம் பற்றிக் கேட்டபோது "முகவர் பேசுவார்" என்றார். முகவரிடம் கேட்டால் "பாடசாலை சொல்லும்". இரண்டு பக்கமும் இப்படிப் பந்து போட்டுக்கொண்டிருந்தபோது நான் வேறு வழியால் போனேன்.

டுபாயில் தனியார் பாடசாலைகளைக் கண்காணிக்கும் கேஎச்டிஏ என்ற அரச அமைப்பு, ஒவ்வொரு பாடசாலையும் வகுப்புவாரியாகப் பிள்ளையிடம் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதைத் தன் தளத்திலேயே போட்டுவிடுகிறது. ஆசிரியர் சம்பளம் இரகசியம், பிள்ளையின் கட்டணம் பகிரங்கம். வருடம் 10,000 திர்ஹமுக்குக் கீழே வாங்கும் பாடசாலைகளும் அங்கே உண்டு, 80,000 ஐத் தாண்டுகிறவையும் உண்டு. எனக்கு வந்தது மலிவான பக்கம்: ஏறத்தாழ 7,000. கணித ஆசிரியனுக்கு இது போதும். வகுப்பில் 30 பிள்ளை என்றால் வருடம் 210,000 திர்ஹம். கட்டிட வாடகை, மின்சாரம், முதலாளியின் இலாபம் எல்லாம் போக, பாதியை ஆசிரியர்களுக்கு என்று தாராளமாகவே வைத்தாலும் 105,000. பாடத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி வருவதால் வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் செலவு விழும் என்று எடுத்தால் ஆளுக்கு 52,500. 12 ஆல் பிரித்தால் மாதம் 4,375. இதுதான் உச்சம். தங்குமிடம், ரிக்கெற், விசாச் செலவும் இதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். யாரும் எனக்குச் சம்பளத்தைச் சொல்லவில்லை. ஆனால் 7,000, 8,000 திர்ஹம் என்று ஆசிரியர் அறையில் அடிபடுகிற தொகை இந்தப் பாடசாலையிலிருந்து வராது என்பது அந்தக் கணக்கோடு முடிந்துவிட்டது.

அடுத்தது குடும்பம். "மனுசியையும் மகளையும் என்ர ஸ்பொன்சரில கூப்பிடலாமோ?" என்று கேட்டேன். இது சும்மா கேள்வி இல்லை. டுபாய் இருக்கும் அமீரகத்தில் குடும்பத்துக்கு விசா எடுக்க மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம் இருக்க வேண்டும், அல்லது 3,000 உம் தங்குமிடமும். ஆம் என்றால் சம்பளத்தின் அடிமட்டம் தெரிந்துவிடும், இல்லை என்றாலும் தெரிந்துவிடும். இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு வந்த பதில்: "முதல் வருசம் சிங்கிளாப் போறதுதான் நல்லது சேர், ரூம் ஷெயரிங்." நல்லது எனக்கா பாடசாலைக்கா என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக அடிப்படைச் சம்பளம். அமீரகத்தில் வேலை முடித்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் 5 வருடமும் வருடத்துக்கு 21 நாள் சம்பளம். அது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான் கணிக்கப்படும், மொத்தத்தில் இல்லை. அதனால்தான் பாடசாலைகள் அடிப்படையைச் சின்னதாக வைத்து, வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று மிச்சத்தை வெளியே தள்ளுகின்றன. இதைச் சொல்லி, "மொத்தம் வேண்டாம் தம்பி, பேசிக் மட்டும் சொல்லுங்கோ" என்றேன். கொழும்புக்குக் கோல் எடுத்தார். என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டார், அந்த ஆளுக்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்த பக்கத்தில் கொஞ்ச நேரம் கடதாசி புரட்டும் சத்தம். "பேசிக் 1,800. டோட்டல் 3,500. ஆனா கேண்டிடேட்டுக்கு இப்ப சொல்லாதேங்கோ."

கேண்டிடேட் ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

3,500 திர்ஹம் என்பது அன்றைய விலையில் ஏறத்தாழ 280,000 ரூபா. யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கப் பெரிய தொகைதான். தனிக் கட்டையாக, பகிர்ந்த அறையில், சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு வருடம் சேமித்து வர நினைக்கிற 25 வயதுப் பிள்ளைக்கு இது மோசமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். பணிக்கொடை 1,800 இன் மேல் என்றால் வருடத்துக்கு 1,260 திர்ஹம், அதையும் தெரிந்துகொண்டு போகட்டும். எனக்கு மனைவியின் வேலை, மகளின் பாடசாலை, ரியூசன் பிள்ளைகள் எல்லாம் இங்கே. பாடசாலைச் சம்பளமும் ரியூசனும் சேர்ந்து, வீட்டு வாடகை இல்லாமல் நான் இங்கே மிச்சம் பிடிப்பதை வைத்துப் பார்த்தால், அங்கே போய்க் கூடக் கிடைப்பது கொஞ்சம்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். தொகையை முதல் நாளே சொல்லியிருந்தால் நேர்முகத்துக்கு வந்த தலைமை ஆசிரியைக்கும் ஒரு மணித்தியாலம் மிச்சம்.

ஏன் இப்படி மறைக்கிறார்கள் என்று அந்தத் தம்பியோடு பிறகு இயல்பாகக் கதைத்தபோது அவர் ஒளிக்கவில்லை. ஒரே பதவிக்குக் கடவுச்சீட்டைப் பொறுத்துச் சம்பளம் வேறு வேறு. பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. தாளில் போட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாவது, கொழும்பு முகவருக்குக் கிடைப்பது ஆள் எண்ணிக்கைக்கு. தொகையைப் பார்த்து நிற்கிறவர்கள் முதலிலேயே நின்றுவிட்டால் அவருக்கு நட்டம். நேர்முகம், சான்றிதழ், மருத்துவச் சோதனை என்று காசும் நேரமும் போட்ட பிறகு தொகையைக் கேட்கிறவர் பெரும்பாலும் தலையாட்டுவார். இதையெல்லாம் அவர் சொன்ன விதத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

சுவரில் பிக் பென் படம் இருந்ததால் இங்கிலாந்தைப் பற்றியும் கேட்டேன். அதற்கு நேர்மையான பதில் கிடைத்தது: 2023 பெப்ரவரியில் ஆசிரியத் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று அங்கே புதிதாகச் சேர்த்த நாடுகளில் இந்தியா இருக்கிறது, நைஜீரியா இருக்கிறது, இலங்கை இல்லை. பைல் திறக்கச் சொல்லி என்னிடம் காசு வாங்கப் பார்க்கவில்லை. அங்கே அரச பாடசாலை ஆசிரியரின் சம்பளப் படிநிலை யாரும் பார்க்கக்கூடியது. லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 2024 செப்டெம்பரில் வருடம் 31,650 பவுண். போக முடியாத நாட்டின் சம்பளம் சதம்வரை தெரிகிறது, கூப்பிடுகிற நாட்டின் சம்பளம் தெரியவில்லை.

போகிறவர்கள் ஒரு விடயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த அலுவலகத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் சொந்தமாக இல்லை. கொழும்பு முகவரின் உரிமத்துக்குக் கீழே ஆள் பிடிக்கிறார்கள். பற்றுச்சீட்டில் "கல்வி ஆலோசனைக் கட்டணம்" என்று இருக்கும். உரிம இலக்கத்தை வாங்கி, பணியகத்தின் தளத்திலோ 1989 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தோ பாருங்கள். நான் பார்த்தபோது கொழும்பு முகவரின் உரிமம் சரியாகவே இருந்தது. டுபாய் என்றால் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அந்த நாட்டின் 2021 தொழிற்சட்டமே சொல்கிறது. விசாவுக்கு என்று யாராவது காசு கேட்டால் அந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். கையெழுத்து வைக்க முன்பு அமீரக மனிதவள அமைச்சின் வடிவில் உள்ள வேலைக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் அடிப்படையும் படிகளும் வேறு வேறு வரியில் வந்தே ஆக வேண்டும்.

என் மதிப்பு: பத்திரம், சுயவிபரக்கோவை, நேர்முகப் பயிற்சி 5 க்கு 4. வேலை தேடித் தருவது 5 க்கு 1. பைல் கட்டணம் 15,000 ரூபா, திருப்பித் தரமாட்டார்கள். பயிற்சிக்கு மட்டும் என்றால் 5,000 என்று பேசிப் பார்க்கலாம், ஒத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை போகாதீர்கள், மாணவர் விசாக்காரர் கூட்டத்தில் ஆசிரியர்களைக் கவனிக்க ஆளில்லை. கிழமை நாட்களில் பாடசாலை விட்டு 3 மணிக்குப் போனால் அந்தத் தம்பியைப் பிடிக்கலாம். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள்.